பொருந்தாததை அடிக்கவும்

ஒரு பெண்ணின் பெயரை முன்னால் ஒன்றும் ஒட்டாமல் அப்படியே சொன்னால் இவர்களுக்குத் தொண்டையில் மாட்டிக்கொள்ளுமா? எழுந்து போய்விடலாம். வெள்ளிக்கிழமை. துவைத்த துணி வாளியில் ஈரத்தோடு கிடக்கிறது. காய்ந்த பிறகு வேறு ஒரு நாற்றம் வரும், மறுபடி துவைக்க வேண்டும். எழுந்து போனால் யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்?

வசந்தகுமாரி எழுந்திருக்கவில்லை. ஆடை படிந்த காபியைக் கரண்டியால் ஒருமுறை கலக்கிவிட்டுத் தலைநிமிர்ந்து உட்கார்ந்தாள்.

துபாய் கராமாவில் ஒரு சைவ உணவகத்தின் மாடியில், பாலைச் சோலைத் தமிழ் மன்றத்தின் செயற்குழு ஒரு மணி நாற்பது நிமிடமாக அழைப்பிதழின் ஒரே ஒரு வரியை விவாதித்துக்கொண்டிருந்தது. பதினொரு ஆண்கள். சிறப்பு விருந்தினர் பெயர் மொமொக்கா யூகிசாவா. அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதற்கு முன்னால் ‘செல்வி’ என்று போடுவதா, ‘திருமதி’ என்று போடுவதா என்பதுதான் சிக்கல்.

உண்மையில் ஆண்டுவிழாவுக்குச் சென்னையிலிருந்து ஒரு நடிகர் வருவதாக இருந்தது. பத்து நாளுக்கு முன், படப்பிடிப்பு இருப்பதால் வர முடியாது என்று சொல்லிவிட்டார். அதே வாரம் ஜப்பானிலிருந்து ஒரு தொலைக்காட்சிக் குழு மொமொக்காவோடு துபாய்க்கு வந்திறங்கியது. வசந்தகுமாரி ஒரு ஜப்பானிய இயந்திரக் கம்பெனியில் செயலாளர். சென்னையில் நான்கு வருடம் ஜப்பானிய மொழி படித்தவள். அவளுடைய முதலாளி அவளைக் குழுவுக்கு மொழிபெயர்ப்பாளராக இரவல் கொடுத்தார், குடையை இரவல் கொடுப்பதுபோல. அவள் அதை லிஃப்டில் யாரிடமோ சொல்ல, அதே கட்டிடத்தில் குடியிருந்த மன்றச் செயலாளர் அனந்தகிருஷ்ணன் காதில் விழுந்தது. மறுநாளே இரு தரப்புக்கும் ஒப்பந்தம் ஆகிவிட்டது. மன்றத்துக்கு மேடையில் உட்கார ஒரு நட்சத்திரம் தேவை. தொலைக்காட்சிக்கு, மொமொக்காவைக் கண்டதும் ஆனந்தத்தில் துள்ளும் வெளிநாட்டு ரசிகர்கள் தேவை. துபாயில் மொமொக்காவை யாருக்கும் தெரியாது. ஆனால் யார் வந்தாலும் கைதட்டும் நானூறு பேர் மன்றத்தில் இருந்தார்கள்.

“செல்வின்னே போட்டுருவோம். பாத்தா சின்னப் பொண்ணாத்தான் தெரியுது,” என்றார் ஒருவர்.

“அப்புறம் புருஷன் வந்து நின்னா?”

“திருமதின்னு போட்டு, கல்யாணமே ஆகலைன்னா? அந்தப் பொண்ணோட எதிர்காலம் என்னாகிறது?”

தலைவர் பத்மநாபன் கையைத் தூக்கினார். துபாய்க்கு வந்து இருபத்திரண்டு வருடம். ஏர்கண்டிஷனர் வியாபாரம். பேச்சில் மட்டும் இன்னும் சூடு குறையவில்லை.

“இது குடும்பப் பாங்கான மன்றம் பாத்துக்கிடுங்க. மேடை ஏறுத பொம்பளை யாரோட மனைவி, யாரோட மகள்னு தெரியாம சால்வை போட முடியாது.”

“ஏன் சார் முடியாது?” என்று வசந்தகுமாரி கேட்டாள். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“செல்விக்குச் சந்தன மாலை. திருமதிக்குக் குங்குமச் சிமிழும் சேலையும். ரெண்டும் வேற வேற பைல இருக்கு. மாத்திக் குடுத்தா எவ்வளவு அசிங்கம்!”

பதினொரு பேரும் அந்த அசிங்கத்தை ஒரு கணம் மனதில் பார்த்து வருந்தினார்கள்.

“நீங்களே அவங்ககிட்ட கேட்டுச் சொல்லிருங்கம்மா. பொண்ணுக்குப் பொண்ணு. இந்த விழாவை மட்டும் நல்லபடியா முடிச்சுக் குடுங்க. உங்க விஷயத்தை அடுத்த கமிட்டியில நானே முன்னால வைக்கேன்.”

அவளுடைய விஷயம் மூன்று வருடமாக அடுத்த கமிட்டியில்தான் இருந்தது. மன்றத்தில் குடும்ப உறுப்பினர் என்று ஒரே வகைதான். படிவத்தில் முதல் கட்டம் ‘குடும்பத் தலைவர் பெயர்’. முதல் வருடம் அதைக் காலியாக விட்டாள். பூர்த்தி செய்யவில்லை என்று திரும்பி வந்தது. அடுத்த வருடம் தன் பெயரையே எழுதினாள். விளையாட்டுத்தனமான விண்ணப்பங்களை மன்றம் ஊக்குவிப்பதில்லை என்று கடிதம் வந்தது. மூன்றாவது படிவத்துக்கு இன்னும் பதிலே இல்லை. கணவர் திருச்சியில் இருக்கிறார். ஏழு வருடமாகப் பேச்சு இல்லை. கோர்ட்டுக்கும் போகவில்லை; இரண்டு பேருக்கும் அதற்கான தெம்பு இல்லை. “சார் எங்க இருக்கார்?” என்று கேட்பவர்களிடம் “ஊர்ல” என்பாள். அது பொய்யில்லை.

உறுப்பினர் ஆகி அவள் ஒன்றும் கவியரங்கத்தில் கலந்துகொள்ளப் போவதில்லை. போன வருடம் குடல்வால் அறுவைக்காக ஆஸ்பத்திரியில் படுத்தபோது, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய உள்ளூர் ஆள் யார் என்று நர்ஸ் கேட்டாள். வலியோடு யோசித்தாள். பதினொரு வருடம் இருந்த ஊரில் ஒரு பெயர் தோன்றவில்லை. கடைசியில் மளிகைக்கடை ஷம்சாதின் எண்ணைக் கொடுத்தாள். மன்றத்தில் உறுப்பினர்களுக்கு ஓர் அட்டை தருவார்கள். ஆபத்து என்றால் அதிலுள்ள எண்ணை அழைக்கலாம், நாலு பேர் வருவார்கள். அந்த அட்டை அவளுக்கு வேண்டும். அவ்வளவுதான்.

*

ஓட்டல் வரவேற்பறையில் ஓகுரா என்பவர் அவளை எழுந்து நின்று வணங்கினார். மொமொக்காவின் அலுவலகத்தின் சார்பில் வந்த மேலாளர். மொமொக்காவின் அலுவலகம் என்றால், மொமொக்கா வேலை செய்யும் அலுவலகம் இல்லை. மொமொக்காவை வைத்திருக்கும் அலுவலகம்.

கேள்வியைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“மொமொக்காவின் தனிப்பட்ட வாழ்க்கையை நாங்கள் மிகவும் மதிக்கிறோம். அதனால்தான் அதை அவளிடம் கொடுக்காமல் நாங்களே பத்திரமாக வைத்திருக்கிறோம்,” என்றார்.

விழாவில் வாசிப்பதற்காக வாழ்க்கைக் குறிப்பு ஒன்றைக் கொடுத்தார். பதினான்கு பக்கம். வசந்தகுமாரி அதை அன்று மாலை பேருந்தில் படித்தாள்.

மொமொக்கா பதினைந்து வயதில் ஒன்பது பெண்கள் கொண்ட பாட்டுக் குழுவில் சேர்க்கப்பட்டாள். அவளுக்குப் பிடித்த பழம் ஸ்ட்ராபெரி என்று அலுவலகத்தின் கூட்டத்தில் முடிவானது. பிடித்த நிறம், பயப்படும் பூச்சி, சிரிக்கும்போது தலை சாயும் பக்கம் ஆகியவையும் அதே கூட்டத்தில் நிறைவேறின. காதலிக்கக் கூடாது, ரயிலில் தூங்கக் கூடாது, பல்வலி வரக் கூடாது. ஒரு கேசட் வாங்கினால் ஒரு ரசிகர் அவளோடு கைகுலுக்கலாம், நான்கு வினாடி. பக்கத்தில் ஒருவர் கடிகாரத்துடன் நின்று ரசிகரைத் தோளைத் தொட்டு நகர்த்துவார். ஒரே நாளில் இரண்டாயிரத்து நூறு பேர் என்பது அவளுடைய சாதனை. மணிக்கட்டு வீங்கியதும் இடது கையை அனுமதித்தது அலுவலகத்தின் பெருந்தன்மை. இரண்டும் குறிப்பில் இருந்தன.

இருபத்திரண்டு வயதில் குழுவிலிருந்து கண்ணீர் மல்க விடைபெற்றாள். தனியாகப் பாடிய பாட்டு எடுபடவில்லை. இருபத்து நான்கில் தொண்டைச் சிகிச்சைக்காக ஏழு மாதம் ஓய்வு. பிறகு தொலைக்காட்சி. முதல் மூன்று வருடம் அவளுக்குத் திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் கொடுத்தார்கள். பெரிய திரையில் யாராவது மலை ஏறுவார்கள், நாய் தொலைந்து திரும்பி வரும், சமையல்காரர் மீனை வெட்டுவார். மூலைக் கட்டத்திலிருந்து மொமொக்கா அதைப் பார்த்து ஆச்சரியப்படுவாள். ஆச்சரியம் மூன்று வகை: கண் மட்டும் விரிவது, வாயும் திறப்பது, கண்ணீர் வருவது. மூன்றாவது வகைக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். அதில் தேர்ந்த பிறகுதான் கட்டத்தைவிட்டு வெளியே அனுப்பினார்கள், நாடு நாடாகப் போய் நேரில் ஆச்சரியப்பட.

வயது முப்பத்துமூன்று. அலுவலகத்தின்படி இருபத்தொன்பது.

*

“அப்படியா, சொல்லக் கூடாதுன்னு ரூலா?” என்றார் பத்மநாபன். அவருக்குக் கோபம் வரவில்லை. விதி என்றால் அவருக்கு எப்போதும் ஒரு மரியாதை. “நம்ம மன்றம் மாதிரியே கட்டுப்பாடா இருக்காங்கல்லா!”

அனந்தகிருஷ்ணன் வங்கியில் வேலை பார்த்தவர். அவருக்குத்தான் அந்த யோசனை வந்தது.

“ஃபார்ம்ல போடற மாதிரி ரெண்டையும் போட்டுடுவோம் சார். செல்வி, நடுவுல ஒரு கோடு, திருமதி. கீழ சின்னதா, ‘பொருந்தாததை அடிக்கவும்’.”

“யாரு அடிக்கது? அழைப்பிதழ் வாங்குதவனா?”

“அது வந்து…”

பத்மநாபன் கண்ணை மூடினார். அவர் கண்ணை மூடினால் ஒரு நிகழ்ச்சி பிறக்கும் என்று மன்றத்தில் எல்லோருக்கும் தெரியும்.

“மேடையில வச்சு அடிப்போம்,” என்றார். “பின்னால பெரிய பேனர். ரெண்டும் இருக்கும். நான் அம்மையார்கிட்ட நேரடியா கேப்பேன். அவங்க சொல்லுவாங்க. உடனே மார்க்கரால ஒண்ணை அடிக்கேன். கைதட்டல். அதுக்கேத்த பை உள்ளேருந்து வருது. நாதஸ்வரம்.”

அழைப்பிதழ் அப்படியே அச்சானது. மாலை 6.30 குத்துவிளக்கு. 6.40 வரவேற்புரை. 7.15 அடைமொழி அறிவிப்பு விழா. அதற்குத் தனியாக ஒரு துணைக்குழு அமைந்தது. மார்க்கர் கறுப்பா சிவப்பா என்பதில் பிளவுபட்டு, ஒருவர் ராஜினாமா செய்தார்.

*

வியாழக்கிழமை ஷார்ஜாவில் படப்பிடிப்பு. மொமொக்கா ஒட்டகப் பாலைக் குடித்து இரண்டாம் வகை ஆச்சரியம் அடைந்தாள். ஐந்து முறை அடைந்தாள். முதல் நான்கில் பின்னால் லாரி வந்துவிட்டது. திரும்பும்போது ஓகுராவும் கேமராக்காரர்களும் முன்வண்டியில் போக, பின்வண்டியில் மொமொக்காவும் வசந்தகுமாரியும் மட்டும். ஷார்ஜா ரோடு வழக்கம்போல அடைத்துக்கொண்டு நின்றது.

கேமரா இல்லாத மொமொக்காவின் முகம் கடை சாத்தியதுபோல இருந்தது. அசிங்கமாக இல்லை, வெறுமனே சாத்தியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை இருக்கையில் மடக்கி வைத்துக்கொண்டாள்.

“வசந்தா-சான், உங்களுக்குத் திருமணம் ஆகிவிட்டதா?”

வசந்தகுமாரிக்குச் சிரிப்பு வந்தது. “அதற்கு இந்த ஊரில் மூன்று பதில் வைத்திருக்கிறேன். எது வேண்டும்?”

“அதிர்ஷ்டசாலி. எனக்கு ஒன்றுதான் கொடுத்திருக்கிறார்கள். ‘என் ரசிகர்கள்தான் என் காதலர்கள்.’ பதினைந்து வயதில் எழுதிக் கொடுத்தது. இன்னும் மாற்றவில்லை.”

முன்னால் ஒரு தண்ணீர் லாரி அரையடி நகர்ந்து நின்றது. மொமொக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்தாள். முன்பல் இரண்டு விழுந்த ஒரு பெண் குழந்தை.

“தங்கையா?” என்றாள் வசந்தகுமாரி.

“அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். என் அம்மா வளர்க்கிறாள். ஒன்பது வயது.”

தொண்டைச் சிகிச்சை, ஏழு மாதம். வசந்தகுமாரி மனதில் கணக்குப் போட்டாள். போட்டதற்கு வெட்கப்பட்டாள்.

“பத்து வயது முடிந்ததும் சொல்லப்போகிறேன். நானே, வீட்டில், சமையலறையில் உட்கார்ந்து. எந்த வார்த்தையில் தொடங்குவது என்றுகூட யோசித்துவிட்டேன். அலுவலகத்தில் அனுமதி கேட்டிருக்கிறேன். தேதியைப் பரிசீலிக்கிறார்களாம்.” படத்தை உள்ளே வைத்து மூடினாள். “வெள்ளிக்கிழமை விழாவில் எனக்கு என்ன வேலை?”

“சால்வை போடுவார்கள். நீங்கள் உட்கார்ந்திருந்தால் போதும்.”

“எத்தனை வினாடி?”

*

விழா நடந்த பள்ளி அரங்கம் நிறைந்துவிட்டது. மேடையின் பின்னால் பதினெட்டு அடிக்கு பேனர்: செல்வி / திருமதி மொமொக்கா யூகிசாவா. எதை அடிப்பார்கள் என்று வாசலிலேயே விவாதம் நடந்தது. நாகலிங்கம் என்ற புரவலர் திருமதி என்பதில் உறுதியாக இருந்தார். “நடையைப் பாத்தாலே தெரியும்யா,” என்றார். அவர் மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

மொமொக்காவுக்கு முப்பத்தோரு பேர் சால்வை போட வரிசையில் நின்றார்கள். மன்றத்தின் வரலாற்றில் இந்தப் பகுதி ஒரு மணி நேரத்துக்குக் குறைந்ததில்லை. மொமொக்கா ஒவ்வொருவருக்கும் எழுந்து, குனிந்து, கைகுலுக்கி, கண்ணை மட்டும் விரித்து, நான்காவது வினாடியில் அவர்களை மென்மையாக நகர்த்தினாள். மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. போட்டோ சரியாக விழவில்லை என்று எட்டுப் பேர் மறுபடி வந்தார்கள்.

பிறகு தலைவர் பேசினார்.

“நமது மன்றம் பெண்மையைப் போற்றும் மன்றம்! எந்த மன்றத்திலாவது மகளிருக்குத் தனி அணி உண்டா? இங்கே உண்டு! அதன் தலைவியாக யாரை நியமிப்பது என்று இரவு பகலாகச் சிந்தித்து, என் துணைவியாரையே நியமித்தேன். அவர்கள் கூட்டத்தில் அவர்களுக்குப் பூரண சுதந்திரம். என்ன வேண்டுமானாலும் பேசலாம். அது எங்கள் காதுக்கு வராதபடி நாங்களே பார்த்துக்கொள்கிறோம்!”

கைதட்டல். பெண்கள் பக்கமும் தட்டினார்கள். மன்றம் தொடங்கிய நாளிலிருந்து பத்தொன்பது வருடமாகத் தட்டிப் பழகிய கைகள்.

இருபத்தாறு நிமிட உரையை வசந்தகுமாரி மொமொக்காவுக்கு நான்கு வாக்கியத்தில் மொழிபெயர்த்தாள். நான்கிலும் விடுபட்டது எதுவும் இல்லை.

அப்போது ஓகுரா மேடையின் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து அவளைக் கூப்பிட்டார். அவர் முகம் வேர்த்திருந்தது.

“பேனரில் இருக்கும் அந்த எழுத்துகள் என்ன என்று உங்கள் செயலாளர் ஆங்கிலத்தில் விளக்கினார். அற்புதம்! அவர் கேட்பதை அப்படியே மொழிபெயருங்கள். அதோடு, ‘குழந்தை உண்டா?’ என்பதையும் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.”

வசந்தகுமாரி அவரையே பார்த்தாள்.

“உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். வண்டியில் ஒலிவாங்கி உண்டு,” என்று அவர் பணிவாகக் குனிந்தார். “குழந்தை விஷயத்தை வசந்த காலத்தில் இரண்டு மணி நேரச் சிறப்பு நிகழ்ச்சியில் வெளியிடுவதாகத்தான் அலுவலகத்தின் திட்டம். ஆனால் இங்கே, எளிய அந்நிய மக்கள் நடுவில், எதிர்பாராமல் கேட்டால், மூன்றாம் வகை வரும். நிஜமானது. பதினெட்டு வருடத்தில் அவளிடமிருந்து நிஜமான மூன்றாம் வகை ஒருமுறைகூட எங்களுக்குக் கிடைத்ததில்லை.”

“அந்தக் குழந்தை இதைப் பார்க்காதா?”

“கண்டிப்பாகப் பார்க்கும். அதன் ஆச்சரியத்தையும் எடுக்க வீட்டில் ஒரு கேமரா வைக்கச் சொல்லியிருக்கிறேன்.”

“நீங்களே கேட்கலாமே.”

“நான் கேட்டால் அது அலுவலகம் கேட்டதாகிவிடும். இயற்கையாக இருக்காது.”

வசந்தகுமாரி திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபமா பயமா என்று தனக்குள் பார்த்தாள். கோபம் இல்லை. பெரிய அயர்ச்சி ஒன்றுதான் இருந்தது, அடிவரைக்கும். ஆனால் அதற்கும் கீழே, தான் எதிர்பார்க்காத ஏதோ ஒன்று அசையாமல் உட்கார்ந்திருந்தது. மொமொக்கா அவள் பக்கம் குனிந்து, “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று கேட்டாள். “கொஞ்சம்தான்,” என்றாள்.

நாதஸ்வரம் ஒருமுறை ஊதி நின்றது. பத்மநாபன் பேனர் அருகில் போய் மார்க்கரின் மூடியைத் திறந்தார். சிவப்பு. கேமரா நெருங்கி வந்தது.

“சகோதரி அவர்களே! நானூறு தமிழ் நெஞ்சங்கள் சார்பாகக் கேட்கிறேன். தாங்கள் செல்வியா? திருமதியா?”

மொமொக்கா புன்னகையோடு வசந்தகுமாரியைப் பார்த்தாள். தலை, தீர்மானத்தின்படி இடது பக்கம் சாய்ந்திருந்தது.

வசந்தகுமாரி ஒலிவாங்கியின் பொத்தானைத் தள்ளி ஒலியை நிறுத்தி, அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

“மைக் வேலை செய்யலையாம்மா?” என்றார் பத்மநாபன்.

“செய்யுது சார்.”

“அவங்களுக்குப் புரியலையோ?”

“நான் இன்னும் சொல்லலை சார்.”

பத்மநாபன் மொமொக்காவிடம் திரும்பி, “மேடம், ஆர் யூ…” என்று தொடங்கினார். “ஐயா, தமிழ்! தமிழ்!” என்று அரங்கமே எழுந்தது. மேடையில் ஆங்கிலம் ஒலிக்கக் கூடாது என்பது மன்றத்தின் முதல் விதி. எழுதியவர் அவர்தான். வாயை மூடிக்கொண்டார்.

திரைக்குப் பின்னாலிருந்து ஓகுரா, கேளுங்கள் கேளுங்கள் என்று இரு கையாலும் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தார். பத்மநாபன் கிட்டே வந்து, தன் ஒலிவாங்கியைக் கையால் மூடி, குனிந்து சொன்னார். குரலில் மிரட்டல்கூட இல்லை, கெஞ்சலாக இருந்தது.

“என்னம்மா இது, இத்தன பேரு பாத்துக்கிட்டு இருக்காக. ஒரு வார்த்தைதானே? கேட்டுருங்க. செவ்வாக்கெழமை கமிட்டி வருது, உங்க ஃபார்ம் என் பையிலதான் இருக்கு.”

“தெரியும் சார்.”

“அப்பக் கேளுங்க.”

“கேக்க மாட்டேன் சார்.”

“ஏன்?”

அதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியது அதுவே முதல் தடவை. மொமொக்காவின் பக்கம் திரும்பி, ஜப்பானிய மொழியில், “முடிந்துவிட்டது, எழுந்திருக்கலாம்,” என்றாள்.